சிவப்பு போகும் மருந்து

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து இடது கைப் பக்கம் திரும்பினால் ஏழாவது கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். எட்டாவது கடை ஜெயபாண்டியின் கண்ணாடிக் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவன் உள்ளே உட்கார்ந்து ‘இப்ப நல்லாத் தெரியுதா, இப்ப நல்லாத் தெரியுதா’ என்று கேட்பது என் கடையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். ஒரு தடவை ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஆள் இங்கிருந்தே ‘தெரியுதுங்க’ என்று பதில் சொன்னார். அவன் சிரிக்காமல் அடுத்த லென்ஸை மாற்றினான். வேலையில் அவ்வளவு கருத்து.

ஜெயபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். கண் பார்க்கிற படிப்பை ரெண்டு வருஷம் முறையாகப் படித்தவன், அந்தச் சான்றிதழை நான்தான் பெரிதாக நகல் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். அவன் கண் பார்ப்பான், பெண்டாட்டி முனீஸ்வரி லென்ஸ் வெட்டுவாள். சொல்லப்போனால் கடை நின்றது அவள் கையில்தான். பின்னால் தகரம் அடித்துத் தடுத்த அறையில் ஒரு சாணைக்கல். மேலே தொங்கும் டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டும். லென்ஸை ரெண்டு விரலில் பிடித்து, சுற்றுகிற கல்லில் காட்டிக் காட்டித் திருப்பி, பிரேமில் வைத்துப் பார்ப்பாள். உட்காராவிட்டால் மறுபடி ஒரு தேய்ப்பு. இப்போது எல்லாரும் மிஷின் வைத்துவிட்டார்கள். மிஷினில் வெட்டினது கழன்று விழுகிறது என்று அவளிடம் கொண்டுவந்து கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லில் தேய்க்கும்போது பறக்கிற பொடி மாவு மாதிரி இருக்கும். அது முனீஸ்வரியின் கண்ணிமையில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். ஊருக்கெல்லாம் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிறவள் தான் ஒன்று மாட்டிக்கொள்ள மாட்டாள். கேட்டால், “போட்டா வேர்த்து மறைக்குதுண்ணே” என்பாள். மதுரை வெயிலில், தகரத்துக்கு அடியில், அதுவும் நியாயம்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் அவளுக்குக் கண் ரெண்டும் சிவந்து, அரித்து, கசக்கிக் கசக்கி வீங்கிவிட்டது. ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். பத்து நாளைக்கு விடுங்கள் என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே கண் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. மறுமாதம் திரும்பச் சிவந்தது. மறுபடி டாக்டரிடம் போனால் அரை நாள் பிழைப்புக் கெடும். மருந்தின் பெயர் தெரியும், மருந்துக் கடை நாலு எட்டு. ஜெயபாண்டி போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்புறம் அந்த மருந்து எங்கள் வரிசைக்கே தைலம் மாதிரி ஆகிவிட்டது. பெயர் எவனுக்கு வேண்டும்? ‘செவப்பு போற மருந்து’ என்றால் போதும். டீக்கடைக்காரன் விட்டான், பூக்காரி விட்டாள், ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்த மறுநாள் நானும் விட்டிருக்கிறேன். நாங்கள் ஒரு நாள், ரெண்டு நாள். முனீஸ்வரி தினம். எழுமலையில் இருக்கிற அவள் அண்ணன் மொக்கையனுக்கு, தோட்டத்தில் மருந்தடித்துக் கண் எரிகிறதென்று, மாதம் ஒரு சீசா பஸ்ஸில் போகும். ஆரப்பாளையத்தில் அது ஒரு வழக்கம். ஊர்க்காரர்களுக்குச் செய்த கண்ணாடியை ஜெயபாண்டி பெட்டியில் வைத்து, பெயர் எழுதி, கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவான். எழுமலையில் பஸ் நிற்கும்போது ஆள் வந்து வாங்கிக்கொள்ளும். அந்தப் பெட்டிகளோடு சீசாவும் போகும்.

தை பிறந்தால் ஜெயபாண்டி வீட்டில் எல்லாருக்கும் கண் பார்ப்பான். மகள் அஸ்வினிக்கு, முனீஸ்வரிக்கு, இழுத்து உட்கார வைத்து எனக்கும். முனீஸ்வரி எழுத்து அட்டையின் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசிப்பாள். “இந்தத் தெருவுலயே நல்ல கண்ணு இவளுக்குத்தாண்ணே” என்று பெருமையாகச் சொல்லுவான்.

ஆனால் போன வருஷம் தீபாவளிக்கு அப்புறம் அவள் கொஞ்சம் தடுமாறினாள். வலது கைப் பக்கம் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிடுவாள். கடைப் படியில் இறங்கும்போது காலால் தேடுவாள். ஒரு நாள் கல்லில் விரலைக் கொடுத்து நகம் பெயர்ந்துவிட்டது. நான், “கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணு தெரியல போலயே” என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். “வயசாகுதுல்லண்ணே, நாப்பது தாண்டியாச்சு” என்றாள். அந்தக் கேலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுமலைப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். வருஷா வருஷம் ஜெயபாண்டி ஏற்பாடு செய்வான். ஆஸ்பத்திரி வேன் வரும், டாக்டர் வருவார், கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்கு இவன் செய்து கொடுப்பான். நான் பெயர் எழுதப் போவேன். முனீஸ்வரிக்கு அது பிறந்த ஊர். அதனால் அவளுக்கு ஒரு தனி வேலை உண்டு. ஊர்ச் சனம் கண்ணில் கருவியை வைப்பதற்குப் பயப்படும். ‘முழிய நோண்டிருவாய்ங்க’ என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், பாதிக் கூட்டம் எழுந்துவிடும். அதனால் முதல் ஆளாக முனீஸ்வரி போய் உட்காருவாள். ‘பாருங்க, ஒன்னும் பண்ணல’ என்று காட்டுவாள்.

அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கண் அழுத்தம் பார்க்கிற கருவி வந்திருந்தது. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி என்று ஒரு சின்ன வயசுப் பெண். முனீஸ்வரி உட்கார்ந்தாள். மரத்துப்போகச் செய்கிற சொட்டை விட்டு, பேனா மாதிரி இருந்த கருவியை வலது கண்ணில் தொட்டு எடுத்தார் டாக்டர். கருவியைப் பார்த்தார். துடைத்தார். மறுபடி தொட்டார். அப்புறம் இடது கண்.

“வலிக்குதா ஆத்தா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவி கேட்டாள்.

“ஒன்னும் வலிக்கல சின்னாத்தா. ஈ உக்காந்த மாதிரிதான் இருக்கு. வா, வந்து உக்காரு” என்றாள் முனீஸ்வரி.

டாக்டர் ஜெயபாண்டியைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் கருவியில் இருந்த எண்ணைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரணமாக இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். அவளுக்கு ஒன்றில் நாற்பத்து நாலு, ஒன்றில் முப்பத்தெட்டு. முனீஸ்வரிக்கு அது ஒன்றும் தெரியாது. மத்தியானம் நூற்று முப்பது பேருக்குத் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் அவள்தான் நின்று பரிமாறினாள். “பாண்டிராஜண்ணே, இன்னொரு முட்ட வச்சுக்கங்க, எழுதி எழுதிக் கை வலிச்சிருக்கும்” என்றாள். முட்டை இலைக்கு வெளியே விழுந்தது.

மறுநாள் மதுரையில் ஆஸ்பத்திரி. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலையில் உள்ளே போனவர்கள் ரெண்டு மணிக்கு வந்தார்கள். முனீஸ்வரி கையில் ஒரு தாள். ரெண்டு வட்டம் போட்டு, உள்ளே கருப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வலது வட்டம் ஏறக்குறைய முழுக்கக் கருப்பு.

“இதுல கருப்பா இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாததாம்ணே” என்றாள். அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்.

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது ஜெயபாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கண்ணுல அழுத்தம் கூடி நரம்ப அரிச்சிருச்சுண்ணே. வலது கண்ணுல நடுவுல ஒரு காசு அளவுதான் மிச்சம். அதுவும் நிக்காது.”

“நீதான தம்பி வருசா வருசம் பாத்த? கடைசி வரி வாசிச்சாளே?”

“இந்த நோவு ஓரத்துலருந்துதாண்ணே திங்கும். நடுவுல கொஞ்சம் இருக்கிற வரைக்கும் கடைசி வரிய வாசிச்சிருவாக. நான் கடைசி வரியத்தானண்ணே பாத்தேன்.”

“இடது கண்ணு?”

“பாதிக்கு மேல இருக்கு. அதக் காப்பாத்திரலாம்ங்கிறாங்க. ரெண்டு மருந்து எழுதியிருக்காங்க, சாகுற வரைக்கும் விடணும்.”

“எதுனால வந்துச்சாம்?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “அது வரும்ணே. சில பேருக்கு வரும்” என்றான். நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஜெயபாண்டி பெண்டாட்டியைக் கவனித்த மாதிரி ஒருத்தன் கவனித்து நான் பார்த்ததில்லை. செல்போனில் அலாரம் வைத்திருந்தான். காலை ஏழு, ராத்திரி ஏழு. கடையில் ஆள் உட்கார்ந்திருந்தாலும் ‘ஒரு நிமிசம்’ என்று எழுந்து போய், அவள் தலையைச் சாய்த்து, தன் கையாலேயே மருந்தை விட்டு, மூக்கோரத்தை விரலால் அமுக்கிக்கொண்டு நிற்பான். சாணைக்கல் பக்கம் அவளை விடவில்லை. லென்ஸ் வெட்டுவதை வெளியே கொடுத்தான், சாயங்காலம்தான் வந்து சேரும். காத்திருக்கப் பிடிக்காமல் நாலு பேர் வேறு கடைக்குப் போனார்கள். அஸ்வினி கப்பலூரில் ஒரு பைப் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து உலை வைப்பாள். முனீஸ்வரி முன்பக்கம் உட்கார்ந்து பிரேம்களைத் துடைத்து அடுக்குவாள். துடைத்ததையே திரும்பத் துடைப்பாள்.

வருகிறவன் போகிறவன் எல்லாம் வைத்தியன் ஆகிவிட்டான். ஒருத்தி முருங்கைப்பூ சாறு என்றாள். இன்னொருத்தன் குலசாமிக்குக் கெடா வெட்டாமல் விட்டது என்றான். டீக்கடையில் ஒருவன், ‘வாத்தியார் பிள்ள மக்கு, வைத்தியன் பிள்ள சீக்குங்கிற கதைதான்’ என்றான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவனே ‘கண் கெட்ட பிறகு’ என்று அடுத்ததை ஆரம்பித்தபோது டீ கிளாஸை வைத்துவிட்டு அடிக்கப் போய்விட்டேன்.

புது மருந்துக்கு ஒரு குணம். அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் கண்ணைச் சிவக்க வைக்கும். பங்குனியில் முனீஸ்வரி கண் கோவைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஊரில் கண்வலி. மெட்ராஸ் ஐ என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்குள் நுழைகிற ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்ப்பான், ‘அப்புறம் வாரேன்’ என்று திரும்பிவிடுவான். ஒரு பெண், பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு படி இறங்கியதை நானே பார்த்தேன். முனீஸ்வரிக்கு அது தெரிந்தது. பக்கவாட்டில்தான் தெரியாதே தவிர, நேர் எதிரே நடப்பது நன்றாகவே தெரிந்தது.

அன்று மத்தியானம் ஜெயபாண்டி சாப்பிடப் போன நேரம் என் கடைக்கு வந்தாள்.

“அண்ணே, நம்ம செவப்பு போற மருந்து ஒன்னு வாங்கிட்டு வாரீகளா? வீட்டுல இருந்தது எங்க போச்சுன்னே தெரியல. அவருகிட்டக் கேட்டா, ஸ்டாக்கு இல்ல, வாங்கிட்டு வாரேன், வாரேன்ங்கிறாரு. மறந்துர்றாரு. பாவம், அவரு மனசு எங்கயோ இருக்கு, இனி இதுக்காக அவரத் தொந்தரவு பண்ணல.”

“இதுக்கு எதுக்கும்மா இம்புட்டுத் தூரம் வந்த? அங்கிட்டிருந்து ஒரு குரல் குடுத்தா வாங்கிட்டு வந்துற மாட்டேன்?”

நாலு எட்டு வைத்து வாங்கிவந்து கொடுத்தேன். அடுத்த மாதமும் கேட்டாள். அப்புறம் அவள் கேட்கும் முன்பே நானாக வாங்கிக்கொடுத்தேன். ஒத்தாசை செய்கிற சந்தோஷம் எனக்கு. கண்ணும் வெளுத்துவிட்டது. கடைக்கு ஆள் வரத் தொடங்கியது.

அழுத்தம் குறையவில்லை. முதல் தடவை போனபோது கொஞ்சம் இறங்கியிருந்ததாம். ரெண்டாவது தடவை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. டாக்டர் மருந்தை மாற்றினார், இன்னொன்று சேர்த்தார். “ஒழுங்கா விடுறீங்களா?” என்று கேட்டாராம். வேளை தவறாமல் விடுகிறவனை அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? ஆனி பிறந்து மூன்றாவது தடவை போய் வந்த அன்று ஜெயபாண்டி நேராக என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தான். கையில் புதுத் தாள். இப்போது இடது வட்டத்திலும் முக்கால்வாசி கருப்பு.

“எம்புட்டு மருந்து விட்டும் கேக்க மாட்டேங்குதுண்ணே. எதுனாலன்னு அவங்களுக்கும் புரியல.”

“இப்ப என்ன செய்றதாம்?”

“வியாழக்கெழம ஆபரேஷன். போனது வராதாம். இருக்கிறத நிறுத்தப் பாக்கலாம், அதுக்கும் உறுதி சொல்ல மாட்டேன்னுட்டாங்க.” தாளை மடித்துக்கொண்டே, “நேத்து அஸ்வினி இவ பக்கத்துலதான் நிக்குறா. இவ அங்கிட்டும் இங்கிட்டும் தலையத் திருப்பி, ‘பிள்ள இன்னும் வரலயா’ன்னு எங்கிட்டக் கேக்குறாண்ணே” என்றான். அழுதான். பேருந்து நிலையத்துச் சத்தத்தில் அது வெளியே கேட்டிருக்காது. நான் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, மொக்கையன் வந்தார். மேல்காற்று தொடங்கிவிட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு மண்ணையெல்லாம் அள்ளிக் கடைக்குள் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சியைப் பார்க்க ஒரு கட்டு முருங்கைக்காயும், சாக்கில் மொச்சையுமாக வந்திருந்தார். எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார்கள், போய் உட்கார்ந்தேன். மொக்கையன் கண் ரெண்டும் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துண்டால் துடைத்துத் துடைத்துப் பேசினார்.

“என்ன மாப்ள, மருந்து அனுப்பவே மாட்டேங்குற? கண்டக்டர் காளைகிட்ட மூணு தடவ சொல்லி விட்டேன். கண்ணாடிப் பெட்டி வருது, மருந்தக் காணோம்.”

“வரலைங்க மச்சான். ஸ்டாக்கு இல்ல” என்றான் ஜெயபாண்டி.

“நாலு மாசமாவா ஸ்டாக்கு இல்ல?”

“அது வேணாம் மச்சான். வேற ஒன்னு தாரேன், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்.”

“குளிர்ச்சிக்கு எளநி குடிச்சுக்கிறேன். எனக்கு அதத்தான் கேக்குது. தக்காளிக்கு மருந்தடிச்சிட்டு வந்து ரெண்டு சொட்டு விட்டா, கண்ணக் கழுவி விட்ட மாதிரி இருக்கும். ஏழு வருசமா நல்ல மருந்தா இருந்துச்சு, இன்னைக்குக் கெட்ட மருந்தா?”

“கம்பெனியில நிறுத்திட்டாய்ங்க மச்சான்.”

“பொய் சொல்லாத மாப்ள. எழுமலை மருந்துக் கடையில அடுக்கி வச்சிருக்காய்ங்க. காலிச் சீசா பையில இருக்கு, காட்டுனா எடுத்துக் குடுத்துருவாய்ங்க. ஒன் கையால வாங்குனா ராசின்னுதான் வந்தேன். சரி விடு, போற வழியில வாங்கிக்கிறேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

முனீஸ்வரி பிரேம் துடைப்பதை நிறுத்திவிட்டு, “குடுத்து விடுங்களேன். அண்ணன் கண்ணு எம்புட்டுச் செவந்து கெடக்கு” என்றாள்.

ஜெயபாண்டி சட்டென்று மொக்கையனின் கையைப் பிடித்தான்.

“மச்சான், அந்த மருந்த இனி தொடக் கூடாது. சொன்னாக் கேளுங்க. நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, அழுத்தம் பாக்கணும்.”

“எனக்கு எதுக்கு? எந் தங்கச்சிக்கில்ல அந்த நோவு.”

“அந்த மருந்துதான் மச்சான்.”

“என்ன அந்த மருந்துதான்?”

“அவ கண்ணத் தின்னது அந்த மருந்துதான். செவப்ப எடுத்துரும். நாள்பட விட்டா உள்ள அழுத்தத்த ஏத்திரும். சில பேருக்கு ஏத்தும், இவளுக்கு ஏத்திருச்சு. பத்து நாளைக்குன்னு எழுதிக் குடுத்தத ஏழு வருசம் விட்டேன். நாந்தான விட்டேன்.”

மொக்கையன் கையை உருவிக்கொண்டார். “ஒனக்குத் தெரியாதா மாப்ள? நீ படிச்சவன்ல?”

“தெரியும். படிச்சிருக்கேன். பரிட்சையில இதே கேள்விக்குப் பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கேன். வீட்டுல விடும்போது நெனப்பு வரல மச்சான். வெள்ளையாகுது, வெள்ளையாகுதுன்னு சந்தோசப்பட்டேன். முகாம்ல அந்த எண்ணப் பாத்த நிமிசம் நெனப்பு வந்துருச்சு.”

“டாக்டரு கேக்கலயா?”

“கேட்டாங்க. இவகிட்டக் கேக்கல. நான் நம்ம தொழில்காரன்னு, மரியாதைக்கு எங்கிட்ட இங்கிலீசுல கேட்டாங்க. ஸ்டீராய்டு எதுவும் விட்டீங்களா சார்னு. நம்ம மருந்து அதுதான். தெரிஞ்சே இல்லன்னுட்டேன். கண்ணு பாக்குறவன் பொண்டாட்டி கண்ண அவனே கெடுத்துட்டான்னு எப்படிச் சொல்றது? அன்னைக்கு ராத்திரியே வீட்டுல இருந்த சீசாவெல்லாம் தூக்கிப் போட்டேன். நிறுத்திட்டோம்ல, இனி சொன்னா என்ன, சொல்லாட்டி என்னன்னு நெனச்சேன்.”

நான் முனீஸ்வரியைப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேஜைக்கடியில் கையை விட்டுத் துழாவித் தன் பையை எடுத்தாள். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளைச் சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாதிக்குக் கீழேதான் மருந்து இருந்தது.

“இதுதானங்க?” என்று கேட்டாள்.

ஜெயபாண்டி அதைத் தொடவில்லை. “இது ஏது?” என்றான்.

“நான் வாங்கிக் குடுத்தது தம்பி” என்றேன் நான். நாலு மாதமாக என் கையால் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதன் அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்ததில்லை. வாசித்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்குமா, தெரியாது.

“எம்புட்டு நாளா விடுற?” என்று ஜெயபாண்டி கேட்டான்.

“பங்குனியிலருந்து. ஒங்க மருந்த விட்டா செவந்துருது. நீங்க சோத்துக்குப் போனதும் இத விட்டுக்கிருவேன். காலையிலயும் சாயந்திரமும் சேத்து மூணு தடவ.” அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “செவந்த கண்ணோட கடையில ஒருத்தி உக்காந்திருந்தா யாவாரம் என்னத்துக்கு ஆகும்னுதாங்க விட்டேன்.”

“கண்ணு வெள்ளையா இருக்கேன்னு நெனச்சேன்” என்றான் அவன். “புது மருந்து ஒத்துக்கிருச்சு போலன்னு நெனச்சேன்.”

மொக்கையனுக்கு எல்லாம் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முனீஸ்வரி கணவன் நின்ற திசைக்கு முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளித் திருப்பி, பிறகு இடது கண்ணுக்கு நேராக அவனைக் கொண்டுவந்தாள். அவள் கோபப்பட்டு அவனை நாலு அறை அறைந்திருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மாசியில இந்தக் கண்ணுல பாதிக்கு மேல பார்வ இருந்துச்சுன்னாகளே” என்றாள். “அன்னைக்கே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தீகன்னா, நான் செவந்த கண்ணோடவே உக்காந்திருப்பேனேங்க.”

வாசலில் ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்கிறானாம், கண் பார்க்க வேண்டும் என்றாள். ஜெயபாண்டி அசையவில்லை. நான்தான் எழுந்து வாசலுக்குப் போய், இன்றைக்குப் பார்க்க மாட்டார்கள், வேறு இடத்தில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.